கண்ணுக்குத் தெரியாத கயிறு

நுழையும்முன்

கடலுக்குள் மூச்சடக்கி இறங்கிய முத்துக்குளிப்பவரின் உயிர், படகில் நின்றவரின் கையிலிருந்த கயிற்றில் இருந்தது. இன்று அதே கடற்கரையில் ஒரு துறைமுகத்தின் இயக்கம் கண்ணுக்குத் தெரியாத தரவுக் கயிறுகளைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. அக்கயிறுகள் தளர்கின்றனவா, இறுகுகின்றனவா, அறுகின்றனவா என்று இடைவிடாது கவனிப்பதே கணினி வலையமைப்பு மேலாண்மை. அதன் அடிப்படைகளைக் கொற்கைக் கரையிலிருந்து காண்போம்.

கொற்கை முதல் தூத்துக்குடி வரை

பாண்டிய நாட்டின் பழம்பெரும் துறைமுகம் கொற்கை. தண்பொருநை கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்திருந்த இந்நகரின் முத்துகளைச் சங்கப் பாடல்கள் போற்றுகின்றன. கிரேக்க மாலுமிகளின் கடற்பயணக் குறிப்பும் தாலமியின் நிலவியல் நூலும் இத்துறைமுகத்தைக் குறிப்பிடுகின்றன. ஆறு கொண்டுவந்த வண்டல் படியப் படியக் கடல் விலகியது. கொற்கை இன்று கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்த சிற்றூர். வாணிகம் முதலில் காயலுக்கும் பின்னர்த் தூத்துக்குடிக்கும் இடம்பெயர்ந்தது. 1974ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று தூத்துக்குடித் துறைமுகம் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011இல் அதற்கு வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது.

கொற்கையின் வீழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. வண்டல் ஒரே நாளில் துறைமுகத்தை மூடிவிடவில்லை. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகப் படிந்தது. ஒவ்வொரு நாளும் பார்ப்பவர் கண்ணுக்கு அம்மாற்றம் புலப்படாது. ஆழத்தை முறையாக அளந்து குறித்து வைத்திருப்பவருக்கே அது தெரியும். கணினி வலையமைப்புகளும் பெரும்பாலும் இவ்வாறே நலிகின்றன. திடீரென அறுந்துபோவதைவிட மெல்ல மெல்ல மந்தமாவதே மிகுதி.

முத்துக்குளிப்பும் கண்காணிப்பும்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகள் 'பார்' எனப்படும். அரசு நடத்திய முத்துச் சலாபத்திற்கு முன்னர் அதிகாரிகள் இப்பார்களைச் சோதிப்பர். சில இடங்களில் மாதிரியாகச் சிப்பிகளை எடுத்து, அவற்றின் வயதையும் முத்தின் மதிப்பையும் கணித்து, குறித்து வைப்பர். முந்தைய குறிப்புகளோடு ஒப்பிட்ட பிறகே சலாபம் அறிவிக்கப்படும். கடல் முழுவதையும் துழாவ இயலாது. எனவே மாதிரி எடுத்தனர். ஒருமுறை எடுத்த மாதிரி போதாது. எனவே மீண்டும் மீண்டும் எடுத்தனர்.

குளிப்பவர் கல்லின் துணையோடு கடலடிக்குச் செல்வார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டுவார். கயிற்றை அவர் அசைத்தால் மேலே உள்ளவர் விரைந்து இழுக்க வேண்டும். அவர் அசைக்கவில்லை என்றால்? வழக்கமான நேரம் கடந்தும் அசைவு வராததே ஓர் அபாய அறிவிப்பு. கயிறு பிடிப்பவர் அசைவுக்காக மட்டும் காத்திருப்பவர் அல்லர்; அசைவின்மையையும் கவனிப்பவர். இதனால்தான் அப்பணியை மைத்துனரிடம் ஒப்படைப்பது வழக்கம் என்று கூறுவர். தம் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றில் இருப்பதால் அவர் கண்ணயர மாட்டார் என்பது நம்பிக்கை.

மாதிரி எடுத்தல், முந்தைய அளவோடு ஒப்பிடல், அசைவின்மையைக் கவனித்தல், பொறுப்புள்ளவரிடம் ஒப்படைத்தல் ஆகிய இந்நான்கும் இன்றைய வலையமைப்புக் கண்காணிப்பின் நான்கு தூண்கள்.

துறைமுகத்தின் தரவுப் பாதை

ஒரு சரக்குப் பெட்டகம் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முன்பே அதனைப் பற்றிய தரவு துறைமுகத்தை அடைந்துவிடுகிறது. கப்பல் முகவர் சரக்குப் பட்டியலை மின்வழியே அளிக்கிறார். இறக்குமதியாளர் சார்பில் சுங்க முகவர் உரிய படிவத்தைச் சுங்கத்துறையின் 'ஐஸ்கேட்' மின்வாயிலில் பதிகிறார். துறைமுகம், சுங்கம், வங்கி, கப்பல் நிறுவனம் ஆகியவற்றை ஒரே தளத்தில் இணைக்கும் ஏற்பாட்டை இந்தியத் துறைமுகங்கள் சங்கம் 2018 டிசம்பரில் புதிய வடிவில் தொடங்கியது. கப்பல்மேடையில் நிற்கும் பளுதூக்கி இயக்குநருக்கு எந்தப் பெட்டகத்தை எங்கு வைப்பது என்பதைக் கணினியே கூறுகிறது. வாயிலில் லாரியின் எண்ணும் பெட்டகத்தின் எண்ணும் சரிபார்க்கப்பட்ட பின்னரே தடுப்புக் கம்பம் உயர்கிறது.

இத்தனை செய்திகளும் ஒரே கம்பியில் செல்வதில்லை. மேடையிலிருந்து கம்பியில்லா அலைகளாக அலுவலகத்தை அடைகின்றன. அங்கு 'ஸ்விட்ச்' எனப்படும் இணைப்பிகள் வழியாகச் சேவையகத்திற்குச் செல்கின்றன. 'ரௌட்டர்' எனப்படும் திசைவி அவற்றை வெளியூர்களுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு செய்தியும் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து பயணம் செய்து, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றாகிறது.

இப்பாதையில் ஏதேனும் ஓரிடத்தில் தாமதம் நேர்ந்தால் அது சாலையில் தெரியும். வாயிலில் ஒரு லாரிக்கு ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால், மணிக்கு அறுபது லாரிகள் வரும் நேரத்தில் வரிசை நீண்டுகொண்டே செல்லும். உறைநிலையில் ஏற்றுமதியாகும் இறாலும் மீனும் குளிர்ப் பெட்டகத்தில் காத்திருக்கும். கப்பல் தன் நேரத்தைத் தவறவிடும். கணினித் திரையில் சுழன்றுகொண்டிருக்கும் ஒரு சிறு வட்டத்தின் விலையைக் கடைசியில் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் ஓட்டுநரும் கொடுக்க நேர்கிறது.

எவற்றை அளப்பது?

'வலையமைப்பு மெதுவாக இருக்கிறது' என்பது முறையீடு, அளவீடு அன்று. 'உடம்பு சரியில்லை' என்று கூறுபவருக்கு மருத்துவர் வெப்பநிலை, நாடித்துடிப்பு, குருதி அழுத்தம் ஆகியவற்றை அளப்பது போலவே இங்கும் சில அடிப்படை அளவுகள் உள்ளன.

முதலாவது கொள்திறன். ஓர் இணைப்பு ஒரு நொடியில் அதிகபட்சமாக எத்தனை பிட்டுகளைக் கடத்த வல்லது என்பதே அது. நொடிக்கு 100 மெகாபிட் கொள்திறன் உள்ள இணைப்பில் ஒரு கிகாபைட் கோப்பு செல்ல, ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில், குறைந்தது 80 நொடிகள் ஆகும்.

இரண்டாவது செயல்வீதம். உண்மையில் கடந்து செல்லும் தரவின் அளவு இது. நான்கு வழிச்சாலையில் நெரிசல் நேரத்தில் செல்லும் வண்டிகளின் எண்ணிக்கையைப் போன்றது. கொள்திறன் காகிதத்தில் இருப்பது. செயல்வீதம் கண்முன் நடப்பது.

மூன்றாவது தாமதம். ஒரு பொதி புறப்பட்டுச் சென்று விடை திரும்பும் நேரம் இது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கு அருகிலுள்ள கல்கிசைக்கும் இடையே 2006இல் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழை வடம் செயற்பாட்டிற்கு வந்தது. கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே அவ்வடத்தில் ஒருமுறை சென்று திரும்ப 3.2 மில்லி நொடி போதும். புவிநிலைச் செயற்கைக்கோளோ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. வினா மேலே சென்று கீழிறங்கி, விடை மீண்டும் அவ்வாறே திரும்ப ஏறத்தாழ அரை நொடி ஆகும். ஒரு படிவத்தைத் திறக்கக் கணினியும் சேவையகமும் நாற்பது முறை ஒன்றன்பின் ஒன்றாகப் பேசிக்கொள்ள வேண்டும் எனில், வடத்தின் வழியே பயண நேரம் 0.13 நொடிதான். செயற்கைக்கோள் வழியே அது 19 நொடி. இங்குக் கொள்திறனை இருமடங்காக்கினாலும் பயனில்லை. சாலையை அகலப்படுத்துவதால் ஊர் அருகில் வந்துவிடாது.

நான்காவது தாமத ஏற்றத்தாழ்வு. பொதிகள் சீரான இடைவெளியில் வராமல் முன்பின்னாக வருவதைக் குறிப்பது. கோப்புப் பரிமாற்றத்தை இது அதிகம் பாதிக்காது. குரல் அழைப்பையும் நேரலைக் காட்சியையும் சிதைத்துவிடும்.

ஐந்தாவது பொதி இழப்பு. நெரிசல் மிகும்போது திசைவி தன்னிடம் இடமில்லாத பொதிகளைக் கைவிடும். கைவிடப்பட்டவை மீண்டும் அனுப்பப்பட வேண்டும் என்பதால் நெரிசலுக்கு நெரிசல் சேரும்.

ஆறாவது கிடைக்குந்தன்மை. ஆண்டின் மொத்த நேரத்தில் வலையமைப்பு இயங்கிய நேரத்தின் விழுக்காடு இது. 99 விழுக்காடு என்பது கேட்பதற்கு நிறைவாகத் தோன்றும். ஆனால், ஆண்டுக்கு 8,760 மணி நேரத்தில் ஒரு விழுக்காடு 87.6 மணி, அதாவது மூன்றரை நாளுக்கும் மேல். 99.9 விழுக்காடு எனில் ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம். 99.99 விழுக்காடு எனில் ஏறத்தாழ 53 நிமிடம். தேர்வில் பெறும் மதிப்பெண் போன்றதன்று இது. தசமப் புள்ளிக்குப் பின் வரும் ஒவ்வோர் ஒன்பதும் பெருஞ்செலவையும் பேருழைப்பையும் கோருவது.

தெரியுமா?

இணையம் ஒருகாலத்தில் தன் நெரிசலாலேயே முடங்கியது. 1986 அக்டோபரில் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் அதன் அருகிலேயே இருந்த கலிபோர்னியப் பல்கலைக்கழகத்திற்கும் இடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த செயல்வீதம் 40 பிட்டாகச் சரிந்தது. இதனை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், நெரிசலை உணர்ந்தவுடன் அனுப்பும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் வழிமுறைகளை 1988இல் வெளியிட்டார். அவற்றின் வளர்ச்சியே இன்றும் இணையத்தை நெரிசலிலிருந்து காக்கிறது.

எவ்வாறு அளப்பது?

எளிய வழி, கூப்பிட்டுப் பார்ப்பது. 'பிங்' என்னும் நிரல் ஒரு சிறு பொதியை அனுப்பி, விடை வரும் நேரத்தைக் குறிக்கும். விடை வரவில்லையெனில் பாதையில் எங்கோ தடை இருக்கக்கூடும். இதனை 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியனுப்பி எதிரொலி கேட்கும் கருவியின் ஓசையையே அவர் இதற்குப் பெயராக்கினார். கடலில் பிறந்த சொல் கணினிக்கு வந்தது.

இரண்டாவது வழி, கருவிகளையே கேட்பது. திசைவியும் இணைப்பியும் தம் வழியே சென்ற பைட்டுகள், கைவிட்ட பொதிகள், தம் வெப்பநிலை ஆகியவற்றை எண்ணிக்கொண்டே இருக்கும். 1988இல் உருவான 'எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை' அவற்றிடம் இவ்வெண்களைக் கேட்டுப் பெறும் பொதுமொழியாக அமைந்தது. பல நிறுவனங்களில் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை இவ்வெண்கள் திரட்டப்பட்டு வரைபடமாகின்றன.

மூன்றாவது வழி, யார் யாருடன் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பார்ப்பது. தரவோட்டப் பதிவுகள் இதனைக் காட்டும். அஞ்சல் நிலையத்தில் உறைகளின் முகவரியையும் எடையையும் குறிப்பது போன்றது இது. கடிதத்தைப் பிரித்துப் படிப்பது அன்று.

நான்காவது வழி, கருவிகள் எழுதும் நாட்குறிப்பைப் படிப்பது. எந்த நேரத்தில் எந்த இணைப்பு அறுந்தது, யார் நுழைந்தார், எந்த அமைப்பு மாறியது என்பன நிகழ்வுப் பதிவுகளில் இருக்கும். எல்லாக் கருவிகளின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டினால்தான் இப்பதிவுகளை அடுக்கிப் பார்க்க இயலும். இந்தியக் கணினி அவசரகாலச் செயற்குழுவான 'செர்ட் இன்' 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தம் கடிகாரங்களை அரசு நேரச் சேவையகங்களோடு ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. நிகழ்வுப் பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும், குறிப்பிட்ட பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

எண்கள் ஏமாற்றும் இடம்

அளந்துவிட்டால் மட்டும் போதாது. அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். ஐந்து நிமிடத்தில் 30 நொடி இணைப்பு முழுவதும் நிரம்பியிருந்தது. எஞ்சிய 270 நொடியும் பத்து விழுக்காடே பயன்பட்டது என்று கொள்வோம். சராசரி 19 விழுக்காடு. வரைபடத்தைப் பார்ப்பவர் 'ஐந்தில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை' என்பார். அந்த அரை நிமிடத்தில் வாயிலில் நின்ற ஓட்டுநரோ 'கணினி நின்றுவிட்டது' என்பார். இருவர் கூற்றும் உண்மையே. சராசரி ஆழம் முழங்கால் அளவு உள்ள ஆற்றிலும் மூழ்குவதற்கு ஒரு மடு போதும். எனவேதான் சராசரியோடு உச்ச அளவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, இயல்பு அளவு. 70 விழுக்காடு பயன்பாடு நல்லதா, தீயதா? அதற்குத் தனியே விடையில்லை. திங்கட்கிழமை காலைகளில் எப்போதும் 70 எனில் அது இயல்பு. ஞாயிறு நள்ளிரவில் வழக்கமாக 5 இருக்கும் இடத்தில் 70 எனில் அது ஐயத்திற்குரியது. பல வாரங்களின் அளவைச் சேர்த்து, நாளுக்கும் வேளைக்கும் உரிய இயல்பை முதலில் அறிய வேண்டும். பாரைச் சோதித்தவர்கள் முந்தைய குறிப்பேட்டை எடுத்துச் சென்றதும் இதற்காகவே.

மூன்றாவது, எச்சரிக்கையின் அளவு. ஒவ்வொரு சிறு மாற்றத்திற்கும் மணி அடித்தால், சில நாள்களில் அம்மணியை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். 'புலி வருகிறது' என்று கூவிய சிறுவனின் கதை இங்கும் பொருந்தும். எவரேனும் எழுந்து ஏதேனும் செய்ய வேண்டிய நிலைக்கே எச்சரிக்கை ஒலிக்க வேண்டும். மற்றவை குறிப்பேட்டில் பதிந்தால் போதும்.

பழுதைத் தேடும் முறை

ஒரு துறைமுக வாயிலைக் கற்பனை செய்துகொள்வோம். திங்கள் காலை பத்து மணி. லாரி விவரம் திரையில் வரக் காலதாமதம் ஆகிறது. வரிசை சாலைவரை நீண்டுவிட்டது. 'பெரிய இணைப்பு வாங்க வேண்டும்' என்பது முதல் குரல். அனுபவம் உள்ள மேலாளர் அதற்கு முன் சில வினாக்களைக் கேட்பார்.

எங்கே? வாயிலிலும் எடைமேடையிலும் தாமதம். நிருவாகக் கட்டடத்தில் இல்லை. ஆகவே சேவையகத்தில் பழுதில்லை. வாயிலையும் எடைமேடையையும் இணைக்கும் பாதையில்தான் சிக்கல். எப்போதிலிருந்து? வரைபடத்தில் 9.30 மணியிலிருந்து. எவ்வளவு? ஒரு மில்லி நொடியாக இருந்த தாமதம் 180 ஆகியுள்ளது. நூற்றுக்கு நான்கு பொதி தொலைகிறது. எதனால்? தரவோட்டப் பதிவைப் பார்த்தால், கண்காணிப்புக் கேமராக்களின் காணொலி அப்பாதையின் பெரும்பகுதியை நிரப்புகிறது. என்ன மாறியது? மாற்றக் குறிப்பேட்டின்படி, சனிக்கிழமை புதிய கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றின் பதிவுகளை இரவு 9.30க்கு நகலெடுக்குமாறு அமைக்க வேண்டியவர், காலை 9.30 என்று அமைத்துவிட்டார்.

நேரத்தைத் திருத்தியதும் வாயில் சீராகிறது. பெரிய இணைப்பு வாங்கியிருந்தால் பணமும் போயிருக்கும். பிழையும் மறைந்தே இருந்திருக்கும். பணி இங்கு முடியவில்லை. இனி ஒருமுறை இவ்வாறு நேராதவாறு, வாயிற் பணிக்குரிய பொதிகளுக்கு முன்னுரிமையும் காணொலிக்கு மேல் வரம்பும் விதிக்கப்பட வேண்டும். நடந்தது குறிப்பேட்டில் எழுதப்பட வேண்டும். பிழை செய்தவரைத் தேடித் தண்டிப்பதைவிட, பிழை நேர இடங்கொடுத்த முறையைத் திருத்துவதே பயன் தரும். தண்டனைக்கு அஞ்சும் இடத்தில் அடுத்த பிழையை எவரும் குறிப்பேட்டில் எழுத மாட்டார்.

உலகத் தர அமைப்பு வலையமைப்பு மேலாண்மையைப் பழுது, அமைவடிவம், கணக்கு, செயல்திறன், பாதுகாப்பு என ஐந்து கூறுகளாகப் பகுத்துள்ளது. மேற்கண்ட சிறு நிகழ்விலேயே அவற்றுள் முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் பின்னிக் கிடப்பதைக் காணலாம்.

ஒரு நாளில் முடங்கிய முனையங்கள்

2017ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று 'நாட்பெட்யா' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. உக்ரைன் நாட்டில் பயன்பட்ட ஒரு கணக்கியல் மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக அது நுழைந்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருண்டன. அதன் சரக்கு முனையங்கள் பல இயக்கம் இழந்தன. நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்நிறுவனம் நடத்திய முனையமும் அவற்றுள் ஒன்று. உலகின் பல துறைமுகங்களில் வாயில்களுக்கு வெளியே லாரிகள் தேங்கின. கணினி அறிந்த பெட்டக இருப்பிடங்களை மனிதர் காகிதத்தில் குறிக்க வேண்டியதாயிற்று.

பத்து நாளில் 4,000 சேவையகங்களும் 45,000 கணினிகளும் மீண்டும் நிறுவப்பட்டதாக அந்நிறுவனத்தின் தலைவர் பின்னர்த் தெரிவித்தார். அம்மீட்புக்கு உதவியது ஒரு தற்செயல். பயனர் விவரங்களைக் காக்கும் முதன்மைச் சேவையகங்கள் எல்லாம் அழிந்த வேளையில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் மட்டும் ஒன்று தப்பியிருந்தது. தாக்குதலின்போது அங்கு மின்தடை ஏற்பட்டு அது வலையிலிருந்து விலகியிருந்ததே காரணம். தற்செயல் காத்ததைத் திட்டம் காத்திருக்க வேண்டும். வலையோடு இணையாத ஒரு நகல் எப்போதும் இருக்க வேண்டும் என்பது அன்று உலகம் கற்ற பாடம்.

2021 அக்டோபர் 4 அன்று நிகழ்ந்தது வேறுவகை. பேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு வலையையே துண்டித்தது. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அதன் சேவைகள் நின்றன. பழுதைத் திருத்த உதவும் உட்கருவிகளும் அதே வலையைச் சார்ந்திருந்ததால் மீட்பு நீண்டது. கயிறு பிடிப்பவர் படகில் இருக்க வேண்டும். அவரும் நீருக்குள் இறங்கிவிட்டால் இழுப்பவர் யார்?

இரண்டு கயிறுகள்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்கள் நீரால் சூழப்பட்டன. மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. திருவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணியருடன் தொடர்வண்டி ஒன்று நின்றது. உதவி கேட்பதற்கும் வழியில்லாத அந்நிலையில், தகவல் தொடர்பு என்பது வசதி அன்று, உயிர்க்காப்பு என்பதை மக்கள் உணர்ந்தனர்.

இத்தகைய நாளுக்கு எவ்வாறு அணியமாவது? கணிதம் ஒரு வழி காட்டுகிறது. 99 விழுக்காடு நம்பகமான இணைப்புகள் இரண்டு இருந்து, அவை ஒன்றையொன்று சாராதிருந்தால், இரண்டும் ஒருசேர அறுவதற்கான வாய்ப்பு 0.01 × 0.01, அதாவது பத்தாயிரத்தில் ஒன்று. கிடைக்குந்தன்மை 99.99 விழுக்காடாக உயர்கிறது. 'ஒன்றையொன்று சாராதிருந்தால்' என்பதே இதன் உயிர். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி, இரண்டு வடங்களும் ஒரே பள்ளத்தில் செல்லுமானால், ஒரு மண்வெட்டும் இயந்திரம் இரண்டையும் ஒன்றாக அறுக்கும். இரண்டிற்கும் ஒரே மின்னாக்கி எனில், அது நீரில் மூழ்கும்போது இரண்டும் மூழ்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தொடராக அமைந்த கருவிகள் நம்பகத்தைக் குறைக்கும். 99.9 விழுக்காடு நம்பகமான ஐந்து கருவிகளை ஒரு செய்தி கடக்க வேண்டுமெனில், பாதையின் நம்பகம் 99.5 விழுக்காடே. ஆண்டுக்கு எட்டே முக்கால் மணியாக இருந்த இடர் ஏறத்தாழ 44 மணியாகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் நன்றாகவே இருந்தும் சங்கிலி நலிவது இவ்வாறுதான்.

மாற்றுப்பாதை வாங்கி வைப்பது மட்டும் போதாது. ஆண்டுக்குச் சிலமுறையேனும் முதன்மைப் பாதையைத் தாமே துண்டித்து, மாற்றுப்பாதை சுமையைத் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். பயன்படுத்தாத கயிறு பரணிலேயே இற்றுப்போகும்.

கண்காணிப்பின் எல்லை

வலையமைப்பைக் காண்பவர் கையில் பெரும் அதிகாரம் உள்ளது. யார் எப்போது எதனோடு தொடர்புகொண்டார் என்பது அவருக்குத் தெரியும். பாதை சீராக உள்ளதா என அறிய எவ்வளவு தேவையோ அவ்வளவே அவர் காண வேண்டும். பணியாளரின் தனிச்செய்தியைப் படிப்பது கண்காணிப்பு அன்று, ஒளிந்து பார்த்தல். எவை பதிவாகின்றன, எத்தனை நாள் காக்கப்படுகின்றன, யார் பார்க்கலாம் என்பன எழுதி வைக்கப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். கண்காணிப்பவரின் செயலும் பதிவாக வேண்டும்.

இப்பணியின் சிறப்பு, அது நன்றாக நடக்கும்போது எவர் கண்ணிலும் படாது என்பதே. வாயிலில் லாரி நிற்காமல் செல்லும். கப்பல் உரிய நேரத்தில் புறப்படும். எவரும் யாரையும் பாராட்ட மாட்டார். அந்த அமைதிக்குப் பின்னால், இரவு இரண்டு மணிக்கு வரைபடத்தின் ஒரு சிறு மேட்டைக் கண்டு எழுந்து சென்ற ஒருவர் இருப்பார்.

முத்துக்குளிப்பு தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. கயிறு பிடித்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆயினும் கடலடியிலிருந்து மேலே வந்த ஒவ்வொரு முத்திற்கும் பின்னால், அசைவுக்கும் அசைவின்மைக்கும் செவிசாய்த்த ஒரு கை இருந்தது. அதே கவனத்தைத்தான் இன்றைய தரவுக் கயிறுகளும் கேட்கின்றன.

கலைச்சொற்கள்

வலையமைப்பு – நெட்வொர்க்
கொள்திறன் – பேண்ட்வித்
செயல்வீதம் – த்ரூபுட்
தாமதம் – லேட்டன்சி
தாமத ஏற்றத்தாழ்வு – ஜிட்டர்
பொதி – பாக்கெட்
திசைவி – ரௌட்டர்
சேவையகம் – சர்வர்

கற்பவை கற்றபின்

1. முத்துக்குளிப்பில் கயிறு பிடிப்பவரின் பணியையும் வலையமைப்பு மேலாளரின் பணியையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.

2. உங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஆசிரியரின் துணையோடு 'பிங்' நிரலைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் ஐந்து நாள் இயக்குக. கிடைத்த தாமத அளவுகளை அட்டவணைப்படுத்தி, இயல்பு அளவு எதுவெனக் காண்க.

3. 99.5 விழுக்காடு கிடைக்குந்தன்மை உள்ள ஒரு வலையமைப்பு முப்பது நாள் கொண்ட மாதத்தில் எத்தனை மணி நேரம் இயங்காமல் இருக்கக்கூடும்? கணக்கிடுக.

4. 'பணியிடத்தில் வலையமைப்புக் கண்காணிப்பு: பாதுகாப்பா, தலையீடா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.